21 வயதும் ஒரு துண்டு அனுமதிப்பத்திரமும்

சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள், உறவுகளே.

நமது நாட்டில் 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு சிகரட் விற்பது குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இதே 21 வயது, அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான சட்டமாக வந்தது எப்போது தெரியுமா? 2019 டிசம்பரில். அதாவது இந்த விடயத்தில் நாம் அமெரிக்காவை விட 13 வருடங்கள் முந்திக்கொண்டவர்கள்.

ஏட்டில் முந்திக்கொண்டோம். தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. பாடசாலை விடும் நேரத்தில் ஏதாவதொரு முடுக்குக் கடையோரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பத்தாம் தரத்துப் பிள்ளை வந்து "வாப்பாக்கு ஒண்டு" என்று கேட்கும். கடைக்கார நானா பக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். வாப்பாவுக்குத்தானா என்று அவரும் கேட்க மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். அவர் நமக்கு ஒரு வகையில் மாமா முறை. அவருடைய மகள் நம்முடைய வகுப்பில் படிக்கிறாள். இதற்குப் போய் யார் முறைப்பாடு எழுதுவது?

வரலாறு கற்பிக்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே சட்டம் ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் தூங்கினால், ஏன் என்று தோண்டிப் பார்க்காமல் விட முடியாது. அப்படித் தோண்டியபோது கிடைத்த கதை அமெரிக்காவின் தலைநகரில் இல்லை. நம்முடைய பிரதேச சபை அளவுகூட வராத சில சிறிய ஊர்களில் இருக்கிறது.

ஆரம்பம் சிக்காகோ. 1890களின் இறுதியில் அந்த மாநகர சபை ஒரு விதி கொண்டுவந்தது. சிகரட் விற்க விரும்பும் கடைக்காரர் சபையிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், வருடக் கட்டணம் 100 டொலர். அன்றைய 100 டொலர் சிறிய தொகையல்ல. கட்டணத்தோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: விண்ணப்பிப்பவர் நல்ல நடத்தை உள்ளவர், இந்தப் பொருளை விற்க நம்பத்தக்கவர் என்று காட்ட வேண்டும். கண்ட்லிங் என்ற வியாபாரி அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்றுப் பிடிபட்டார். தண்டம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று நகரத் தலைவர் முடிவெடுப்பது அநியாயம் என்பது அவருடைய வாதம். 1900ஆம் ஆண்டு நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. சிகரட் விற்பனையை ஓர் ஊர் தன் அனுமதிப்பத்திரத்தால் கட்டுப்படுத்தலாம் என்பது 125 வருடங்களுக்கு முன்பே முடிந்துபோன வழக்கு.

அதே சிக்காகோவில் அப்போது ஒரு ரீச்சர் இருந்தார். லூசி பேஜ் காஸ்டன். எங்களைப் போல அவரும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தவர். இலினோய் மாநிலத்தில் பாடசாலைகளில் கற்பித்தவர். பரீட்சையில் தேறாமல் போகும் பையன்கள்தான் பாடசாலைக்குப் பின்னால் ஒளிந்து சிகரட் பிடிப்பவர்கள் என்பது அவருடைய அவதானிப்பு. (எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு இன்றைக்கும் நடக்கிறது. காரணமும் விளைவும் எது எது என்பது வேறு கேள்வி.) 1899இல் சிகரட் எதிர்ப்புச் சங்கம் ஒன்றை அவர் தொடங்கினார். அந்த அலையில் 15 மாநிலங்கள் வரை சிகரட் விற்பனையையே தடைசெய்தன. பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசம் இல்லாத முழுத் தடை.

அது நிற்கவில்லை. முதலாம் உலகப் போரில் இராணுவமே வீரர்களுக்கு சிகரட் பங்கிட்டது. போர்முனையிலிருந்து திரும்பி வந்த இளைஞனைப் பார்த்து, நீ பிடிப்பது குற்றம் என்று எந்த மாநிலம் சொல்லும்? ஒவ்வொன்றாகத் தடைகளை நீக்கினார்கள். ஐயோவா மாநிலத்தின் கதைதான் இதில் வேடிக்கை. 1921இல் தடையை எடுத்த கையோடு சிகரட்டுக்கு வரி போட்டது. அமெரிக்காவில் மாநில சிகரட் வரியைத் தொடங்கியதே தடைசெய்திருந்த அந்த மாநிலம்தான். கடைசியாக 1927இல் கன்சாஸ் தடையை விலக்கிக்கொண்டது. காஸ்டன் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1924இல் இறந்துவிட்டார்.

அந்தத் தலைமுறை தோற்றதற்கு எங்களுக்குப் படும் காரணம் இதுதான். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுக்கப் பார்த்தார்கள். சிக்காகோ சபை செய்தது வேறு. விற்பதைத் தடுக்கவில்லை, விற்பவரைப் பதிவேட்டில் எழுதியது. அந்த வழி பிறகு பல வருடங்கள் மறந்துபோயிருந்தது.

சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் தொடர்ந்து இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எந்தளவு பொருட்படுத்தவில்லை என்பதை 1987இல் ஜோசப் டிஃப்ரான்சா என்ற வைத்தியர் காட்டினார். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியை 100 கடைகளுக்கு அனுப்பி சிகரட் கேட்க வைத்தார்கள். 75 கடைகளில் கொடுத்துவிட்டார்கள். பதினொரு வயது! நம் கணக்கில் ஆறாம் தரத்துப் பிள்ளை.

இரண்டு வருடம் கழித்து, 1989இல், சிக்காகோவுக்கு மேற்கே உள்ள வுட்ரிட்ஜ் என்ற சிற்றூர் ஒரு வேலை செய்தது. அங்கு புரூஸ் டால்பட் என்றொரு பொலிஸ் உத்தியோகத்தர். முதலில் கடைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு கடைகள் சிறுவர்களுக்கு விற்றன. பிறகு ஊர் சபை விதி இயற்றியது. சிகரட் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் அனுமதிப்பத்திரம். வருடத்தில் பல தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு சிறுவனைக் கடைக்கு அனுப்பிச் சோதனை. விற்றால் தண்டமும் அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும். அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் 70 வீதம் என்பது 5 வீதத்துக்கும் கீழே போனது. அந்த ஊர் மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் சிகரட் பரீட்சித்துப் பார்ப்பதும் வழக்கமாகப் பிடிப்பதும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வுட்ரிட்ஜில் புதிதாக எந்தப் பொருளும் தடைசெய்யப்படவில்லை. சிறுவருக்கு விற்பது ஏற்கெனவே தடைதான். மாறியது விலை. முன்பெல்லாம் கடைக்காரர் அகப்பட்டால் நீதிமன்றம், வழக்கு, சாட்சி என்று இழுபடும். அதனால் யாரும் வழக்கே போடவில்லை. இப்போது சில நாட்களுக்கு சிகரட் விற்கும் உரிமை போய்விடும். ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு அது உடனே விளங்கும் கணக்கு.

அதே காலத்தில் மினசோட்டாவின் வைட் பெயார் லேக் என்ற சிறு நகரம், காசு போட்டால் சிகரட் விழும் தானியங்கி இயந்திரங்களைத் தன் எல்லைக்குள் தடைசெய்தது. இயந்திரத்துக்கு வயது கேட்கத் தெரியாது என்ற எளிய நியாயம்தான். நமது 2006 சட்டத்திலும் இந்த இயந்திரத்துக்குத் தடை உண்டு. நம் ஊர்களில் பலர் அப்படியொரு இயந்திரத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இல்லாததைத் தடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

சரி, சிகரட் கம்பனிகள் சும்மா இருந்தனவா? இருக்கவில்லை. இந்த இடத்தில் விக்டர் குரோஃபோர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரிலாந்து மாநிலத்தின் செனட்டராக இருந்து, பிறகு புகையிலைக் கம்பனிகளுக்காக அரசியல்வாதிகளைச் சரிக்கட்டும் சட்டத்தரணியாக வேலை செய்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்த பின் 1995இல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். அடுத்த வருடம் இறந்துபோனார். அவர் சொன்னவற்றுள் முக்கியமானது இது. தலைநகரங்களில் கம்பனிகளால் வெல்ல முடிந்தது, ஊர் மட்டத்தில் முடியவில்லை. ஏனென்றால் ஊரில் புகையிலைக்கு எதிராக நிற்பவர் நகரத் தலைவரின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், அல்லது அவரோடு ஒரே சங்கத்தில் இருப்பார். கொழுத்த சம்பளம் வாங்கும் வெளியூர்ச் சட்டத்தரணி வந்து அந்த உறவை வெட்ட முடியாது.

ஆகவே கம்பனிகள் வேறு வழி எடுத்தன. மாநிலச் சட்டசபைகளில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற நல்ல பெயரோடு மசோதாக்கள் வந்தன. உள்ளே எங்கோ ஒரு வரி இருக்கும்: இதைவிடக் கடுமையான விதியை எந்த ஊர் சபையும் இயற்றக் கூடாது. பல மாநிலங்களில் அந்த வரி நுழைந்தது. வெளியில் பார்த்தால் கட்டுப்பாடு, உள்ளே பார்த்தால் ஊர் சபையின் வாய்க்குப் பூட்டு. சட்டம் படிக்கும்போது தலைப்பை மட்டும் வாசிக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தப் பூட்டு விழாத மாநிலங்களில் மசசூசெட்ஸ் ஒன்று. அங்கு ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு சுகாதார சபை உண்டு. அது தானே விதி இயற்றலாம். பொஸ்டனுக்கு அருகில் சுமார் 29,000 பேர் வாழும் நீடம் என்ற ஊரின் சுகாதார சபை, சிகரட் வாங்கும் வயதை 21 ஆக்கியது. 2005இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலேயே முதல் ஊர். சுற்றியிருந்த எல்லா ஊர்களிலும் 18தான். எல்லோரும் சிரித்தார்கள்: பிள்ளைகள் சைக்கிளில் ஏறி அடுத்த ஊருக்குப் போய் வாங்குவார்கள், நீடம் கடைக்காரருக்கு நட்டம்தான் மிச்சம் என்று.

அந்தக் கேள்விக்குப் பின்னர் கணக்கிலேயே பதில் வந்தது. 2006க்கும் 2010க்கும் இடையில் நீடத்தின் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களில் சிகரட் பிடிப்போர் 13 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைந்தார்கள். சுற்றியிருந்த 16 ஊர்களில் 15இலிருந்து 12 ஆகத்தான் குறைந்தது. அடுத்த ஊர் பக்கத்தில் இருந்தும் பிள்ளைகள் அவ்வளவாகப் போகவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 18 வயதுக்காரன் பெரும்பாலும் பாடசாலைக்குள்ளேயே இருக்கிறான். 16 வயதுக்காரனுக்கு வாங்கிக் கொடுப்பவன் அவன்தான். 21 வயதுக்காரன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான்.

அடுத்த சில வருடங்களுக்கு நீடம் கிட்டத்தட்டத் தனியாகவே நின்றது. பிறகு அயல் ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2013இல் நியூயோர்க் மாநகரம், 2016இல் ஹவாய், கலிபோர்னியா மாநிலங்கள், 2018இன் கடைசி நாளில் மசசூசெட்ஸ் முழுவதும், 2019இல் நாடு முழுவதும். 2006இல் நம் நாடாளுமன்றம் ஒரே கையெழுத்தில் நாடு முழுவதற்கும் கொண்டுவந்ததை, அவர்கள் ஓர் ஊரிலிருந்து தொடங்கி 14 வருடம் நடந்து எட்டினார்கள். ஆனால் சட்டம் வந்து சேரும் முன்பே அனுமதிப்பத்திரமும் சோதனையும் அந்த ஊர்களில் பழகிப்போயிருந்தன. எங்களிடம் சட்டம் முதலில் வந்தது. மற்றது இன்னும் வரவேயில்லை.

இதையெல்லாம் வாசித்து, அமெரிக்காவில் எல்லாம் பொன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2014 ஜூலையில் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் எரிக் கார்னர் என்ற கறுப்பின மனிதரை பொலிஸார் நடைபாதையில் மடக்கினார்கள். வரி கட்டாத சிகரட்டை ஒவ்வொன்றாக விற்றார் என்பது குற்றச்சாட்டு. கழுத்தை நெரித்துப் பிடித்ததில், மூச்சு விட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடியே அவர் இறந்துபோனார். சிறு குற்றத்துக்கு பொலிஸை அனுப்பினால் எங்கே போய் முடியும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே புகையிலைக்கு எதிராகக் கடும் நடவடிக்கை வேண்டும் என்று மேடையில் யாராவது முழங்கினால் முதலில் கேட்க வேண்டியது, யார் போய் யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்பதைத்தான். அனுமதிப்பத்திரம் கடையையும் சபையையும் மட்டும் தொடுகிறது. சுகாதாரப் பரிசோதகர் வருவார், எழுதுவார், போவார். தெருவில் நிற்கும் மனிதன் மேல் யாரும் கை வைக்கத் தேவையில்லை.

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நியூயோர்க்கின் முடுக்குக் கடைகளில் பெரும் பகுதியை நடத்துபவர்கள் யெமனிலிருந்து போன நம் சகோதரர்கள். அதிகாலை தொடங்கி நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைகள். சிகரட் வாங்க வருபவர் கோப்பியும் பாணும் வாங்கிப் போவார்; சிகரட்டில் இலாபம் குறைவு, ஆனால் ஆளைக் கடைக்குள் கொண்டுவருவது அதுதான். நம் ஊரிலும் இதே கணக்குத்தானே. 2017இல் அந்த மாநகர சபை புதிய விதி இயற்றியபோது இந்தக் கடைகள் கலங்கியதில் வியப்பில்லை. விதி என்னவென்றால், ஒவ்வொரு பிரிவிலும் புகையிலை அனுமதிப்பத்திரங்களின் எண்ணிக்கை அப்போதிருந்ததில் பாதியாகக் குறையும் வரை புதிதாக எவருக்கும் கொடுப்பதில்லை. இருப்பவரிடமிருந்து பறிப்பதுமில்லை. ஒருவர் கடையை மூடினால் அந்த அனுமதிப்பத்திரம் அவரோடு முடிந்துவிடும். வயதாகிக் கடையைக் கைமாற்ற நினைத்தவர்களுக்கு இது இழப்புத்தான். அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நேற்றுவரை விற்றவரை இன்று தெருவில் நிறுத்தாமல் கடைகளைக் குறைக்க இதைவிட மென்மையான வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

பிலடெல்பியா அதற்கு ஒரு வருடம் முன்பே வேறு விதமாகச் செய்தது. ஆயிரம் பேருக்கு ஒரு கடை என்ற அளவுக்கு மேல் புது அனுமதி இல்லை. பாடசாலையிலிருந்து 500 அடிக்குள் புதுக் கடை இல்லை. வருடக் கட்டணம் 50 டொலரிலிருந்து 300. ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் சிகரட் கடைகள் நெருக்கமாக இருந்தன என்பதால் இந்த அளவுகோல். பணக்காரர் ஊரான பெவர்லி ஹில்ஸ் 2021 ஜனவரி 1 முதல் புகையிலை விற்பனையையே முழுதாக நிறுத்தியது. சுருட்டுப் பிடிக்கும் கனவான்களின் கூடங்களுக்கும், ஹோட்டல் விருந்தினர்களுக்கும் மட்டும் விலக்கு! அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவுமில்லை.

பிறகு புரூக்லைன். இதுவும் பொஸ்டனுக்குப் பக்கத்து ஊர்தான். அங்கு ஊர்க் கூட்டம் 2020 நொவெம்பரில் ஒரு விதி இயற்றியது: 2000 ஜனவரி 1ஆம் திகதியோ அதன் பிறகோ பிறந்தவருக்கு எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது. இன்று வாங்குபவர் நாளையும் வாங்கலாம். ஆனால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதவு திறக்காது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. உடனே மசசூசெட்ஸில் வேறு ஊர்களும் அதே விதியை எடுக்கத் தொடங்கின. இதே திட்டத்தை நியூசிலாந்து தேசிய சட்டமாகவே 2022இல் நிறைவேற்றியிருந்தது. ஆட்சி மாறியதும் 2024 தொடக்கத்தில், நடைமுறைக்கு வருமுன்பே, ரத்துச் செய்துவிட்டார்கள். நாடு கைவிட்டதை ஓர் ஊர் விடவில்லை. நமது அயலவரான மாலைதீவு 2007இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு இத்தகைய தடையை 2025 நொவெம்பரில் தொடங்கியிருக்கிறது.

ஊர் சபையின் கையைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் நியூயோர்க்கே உதாரணம். 2021இல் மாநிலம் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வேலையை மாநிலம் தன்னிடமே வைத்துக்கொண்டது. முதல் கடை திறக்கவே 2022 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஸ்மோக் ஷொப் என்ற பெயர்ப்பலகையோடு தெருவுக்குத் தெரு அனுமதியற்ற கடைகள் முளைத்தன. மின்சிகரட், கஞ்சா, வண்ண வண்ண இனிப்பு வடிவில் போதை. மாநகரத்திடம் அவற்றைப் பூட்டிச் சீல் வைக்கும் அதிகாரம் இல்லை. 2024 ஏப்ரலில்தான் மாநிலம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. மே மாதம் தொடங்கி அந்த வருடத்துக்குள்ளேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மாநகரம் பூட்டியது. மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்ததைச் சில மாதங்களில் முடித்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

2006 சட்டம் பலமான சட்டம். விளம்பரம் இல்லை, மூடிய பொது இடத்தில் புகைத்தல் இல்லை, 21க்குக் கீழ் விற்பனை இல்லை. 2015இல் அதைத் திருத்தி சிகரட் பக்கெட்டின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் போட வைத்தார்கள். அதற்கு முன் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் கிளையான இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் வரை போனது. ஆனால் கடையில் ஒரு சிகரட் மட்டும் உருவி வாங்கும் பிள்ளை அந்தப் பக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று: மதுபானம் விற்க கலால் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், சிகரட் விற்கும் சில்லறைக் கடைக்கு அப்படியொரு தனி அனுமதிப்பத்திரத்தை 2006 சட்டம் ஏற்படுத்தவில்லை. ஆகவே பிடிபட்ட கடைக்காரர் மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். ஊரில் பிறந்து, ஊரில் திருமணம் முடித்து, ஊர்க் கடையில் சாமான் வாங்கும் ஒரு பரிசோதகர். 1987இல் மசசூசெட்ஸ் இருந்த அதே இடத்தில்தான் நாம் நிற்கிறோம்.

குரோஃபோர்ட் சொன்ன பக்கத்து வீட்டு உறவு இங்கே இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. தவிசாளரிடம் போய்ப் பேசுவது நமக்குச் சுலபம். அவரும் நம் தெருதான். ஆனால் கடைக்காரரைக் காட்டிக்கொடுப்பது கஷ்டம். அவரும் நம் தெருதான். அனுமதிப்பத்திரம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது என்பதே எங்கள் எண்ணம். அதில் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. எல்லாக் கடைக்கும் ஒரே நிபந்தனை, எல்லாக் கடைக்கும் ஒரே சோதனை. பரிசோதகருக்கும் "என் மேல கோவப்படாதீங்க நானா, எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்ல ஒரு கடதாசி கையில் இருக்கும்.

நம் நாட்டில் ஊர் மட்டத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதும் தவறு. யாழ்ப்பாணம், மாத்தறை, குருணாகல் மாவட்டங்களில் பல சிறு நகரங்களில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பேசியதன் பேரில், வியாபாரிகளே கூடி சிகரட் விற்பதில்லை என்று நிறுத்தினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களைப் பாராட்ட வேண்டும். அதே நேரம், விருப்பத்தால் நிறுத்தியதை விருப்பத்தால் தொடங்கவும் முடியும்; ஒரு கடை தொடங்கினால் பக்கத்துக் கடையும் தொடங்கும்.

பிரதேச சபைக்கு என்ன அதிகாரம் என்று சிலர் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரத்தை ஒழுங்குபடுத்துவதையும் கட்டுப்படுத்துவதையும் சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. உப விதி இயற்றலாம். அமைச்சரின் அங்கீகாரமும் வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும். ஹோட்டலுக்கும் பேக்கரிக்கும் சலூனுக்கும் இறைச்சிக் கடைக்கும் வருடா வருடம் அனுமதிப்பத்திரம் கொடுப்பது இதே சபைதான். கட்டணமோ, ஆண்டுப் பெறுமதி 1,500 ரூபாவுக்கு மேற்பட்ட இடத்துக்கு உச்சமாக 1,000 ரூபா. 1987இல் எழுதிய தொகை, இன்றும் அதேதான். ஒரு சில சிகரட்டின் விலை. வருமானத்துக்காகச் சபை இதைச் செய்யாது, செய்யவும் தேவையில்லை. தேவையானது கட்டணம் அல்ல, அந்தக் கடதாசியில் இரண்டு வரி: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதில்லை; விற்றால் இத்தனை நாளுக்கு இந்த அனுமதிப்பத்திரம் இல்லை. தேநீர்க் கடை நடத்துபவருக்கு நீதவான் விதிக்கும் தண்டத்தை விட அந்த இரண்டாவது வரி கனமானது.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் நம் ஊர்களில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி வாக்களித்தோம். இப்போது வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். வீதி விளக்கு, கான், குப்பை வண்டி பற்றி அவரிடம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். வியாபார அனுமதிப்பத்திரங்கள் டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும். புது வருடத்துக்கான பத்திரத்தில் என்ன எழுதுவது என்பது அதற்கு முன்பு சபையில் பேசப்பட வேண்டிய விடயம். உங்கள் வட்டார உறுப்பினரை இந்தப் பதிவின் கீழ் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடை வைத்திருக்கும் உறவுகளும் தங்கள் பக்கத்தை எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த விதியை எழுதினால் அது ஐயோவாவின் கதையாகத்தான் முடியும்.